ஹோலிரூட்டில் ஓர் அரை நாள்: ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் பார்வையாளர் சேவை எப்படி?

எடின்பரோவுக்குச் சுற்றுலா வருகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டையில் தொடங்கி, ராயல் மைல் தெருவழியே இறங்கி, அதன் கீழ்க்கோடியில் இருக்கும் ஹோலிரூட் அரண்மனையின் வாயிலில் நடையை முடித்துக்கொள்கிறார்கள். அரண்மனைக்கு நேர் எதிரே நிற்கும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குள் எந்த நாட்டவரும் கட்டணமின்றி, யாருடைய பரிந்துரைக் கடிதமும் இன்றி நுழையலாம் என்பதும், உறுப்பினர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மேலே அமர்ந்து கேட்கலாம் என்பதும் அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. லண்டனில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்திலும் விவாதங்களைக் கேட்க இலவசமாக அமரலாம். ஆனால் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணியிடம் அங்கே கட்டணம் வாங்குவார்கள். இங்கே வழிகாட்டியுடன் சுற்றிப் பார்ப்பதும் இலவசம். முன்பதிவு மட்டும் செய்துகொள்ள வேண்டும்.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனிலிருந்து பிரிந்து தனி நாடாவதா என்ற ஸ்காட்லாந்தின் சுதந்திர விவாதம் ஏன் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரே இடத்தில் நிற்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராவது அதில் எங்கே வந்து சேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இந்த நகரத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் எந்த நாளில் போகிறோம், போவதற்கு முன் என்ன தெரிந்துகொண்டு போகிறோம் என்பதைப் பொறுத்தே பயன் அமையும். அரசியலில் ஈடுபாடு இல்லாதவர் வெறும் கட்டடக்கலைக்காகப் போனாலும் ஏமாற்றம் அடைய மாட்டார். எனினும் அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே வேலை இருக்காது.

விமான நிலையத்தில் செய்வதைப் போன்ற சோதனையைக் கடந்ததும் வருவது தாழ்ந்த கான்கிரீட் வளைவுகள் கொண்ட முன்கூடம். கூரையில் ஸ்காட்லாந்துக் கொடியில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூ சிலுவையின் வடிவங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன; அறிவிப்புப் பலகைகள் ஆங்கிலத்திலும் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கிலும் இருக்கின்றன. பார்சிலோனாவைச் சேர்ந்த கட்டலானியக் கட்டடக் கலைஞர் என்ரிக் மிராயெஸ் வரைந்த கட்டடம் இது. 1997இல் பிரிட்டிஷ் அரசு சொன்ன தொடக்க மதிப்பீடு 1 கோடி முதல் 4 கோடி பவுண்டு வரை; முடிவில் ஆன செலவு ஏறக்குறைய 41 கோடியே 40 லட்சம் பவுண்டு. 2001இல் திறக்கப்பட வேண்டியது, 2004 அக்டோபர் 9 அன்றுதான் எலிசபெத் அரசியால் திறந்துவைக்கப்பட்டது. மிராயெஸும், இந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்த முதல் முதலமைச்சர் டொனால்ட் டூவரும் 2000ஆம் ஆண்டிலேயே, சில மாத இடைவெளியில் இறந்துபோனார்கள். கட்டியவர்களையும் கட்டச் சொன்ன தரப்பையும் கேள்வி கேட்க ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதே கட்டடத்துக்கு 2005இல் பிரிட்டனின் மிக உயர்ந்த கட்டடக்கலை விருதான ஸ்டர்லிங் பரிசும் கிடைத்தது. உள்ளூர்க்காரர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் இன்றும் அழகைப் பற்றிப் பேசுகிறவரைவிடக் கணக்கைப் பற்றிப் பேசுகிறவரே அதிகம். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் பந்தல் செலவைச் சொல்லும் பெரியப்பாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் போலும்.

சுற்றுலாவில் என்னை அதிகம் நிறுத்திவைத்த இடம் புதிய கட்டடம் அன்று. அதன் வளாகத்துக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டிருக்கும் குவீன்ஸ்பெரி மாளிகை என்னும் பதினேழாம் நூற்றாண்டு வீடு. 1707இல் ஸ்காட்லாந்தின் பழைய நாடாளுமன்றம் தன்னையே கலைத்துக்கொண்டு இங்கிலாந்துடன் இணைய வாக்களித்தபோது, அந்த இணைப்பை முன்னின்று நிறைவேற்றியவர் குவீன்ஸ்பெரியின் இரண்டாம் டியூக். அவருடைய வீடுதான் இது. நாடாளுமன்றத்தை முடித்துவைத்தவரின் வீட்டில் இன்று மீண்டெழுந்த நாடாளுமன்றத்தின் அவைத் தலைவருடைய அலுவலகம் இயங்குகிறது. டூவர் விட்டுச்சென்ற நூல்களும் இங்கேயே ஓர் அறையில் வைக்கப்பட்டிருக்கின்றன. இணைப்பு நிறைவேறிய இரவில், வீட்டார் எல்லாரும் வெளியே போயிருந்த வேளையில், மனநலம் குன்றிய மூத்த மகன் சமையலறைச் சிறுவனைக் கொன்று அடுப்பில் வாட்டினான் என்று ஒரு கொடூரமான செவிவழிக் கதையும் இந்த வீட்டைச் சுற்றி உலவுகிறது. அதை நம்புவதும் நம்பாததும் கேட்பவர் விருப்பம்.

விவாத மண்டபம் இதற்கு முற்றிலும் வேறான காட்சி. கூரையைத் தாங்க நடுவில் தூண்களே இல்லை. ஓக் மரமும் எஃகும் பின்னிய உத்தரங்கள் மேலே பாய்கின்றன. 2006 மார்ச்சில் அவற்றில் ஒன்று பிடி கழன்று ஊசலாடியதால் அவையையே காலி செய்து, சில வாரங்கள் வேறிடத்தில் கூட்டம் நடத்த வேண்டியிருந்தது. வெஸ்ட்மின்ஸ்டரில் ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் நேருக்கு நேர் அமர்வதைப் போல் இங்கே அமர்வதில்லை. ஐரோப்பிய நாடாளுமன்றங்களைப் போல இருக்கைகள் அரைவட்டமாக வளைந்திருக்கின்றன. அவையின் நடுவில் இருக்கும் வெள்ளிச் செங்கோலில் ஞானம், இரக்கம், நீதி, நேர்மை என்னும் நான்கு சொற்களும், ஸ்காட்லாந்துக்கு ஒரு நாடாளுமன்றம் இருக்கும் என்று கூறும் 1998ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து சட்டத்தின் முதல் வாக்கியமும் பொறிக்கப்பட்டுள்ளன. அந்த வாக்கியத்தை மட்டும் படித்துவிட்டு வருகிறவருக்கு இந்த அவையின் முழுக் கதையும் தெரியாது. அதே சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைதான் மீதிக் கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

அரைவட்ட இருக்கைக்குப் பொருத்தமாகவே தேர்தல் முறையும் அமைந்திருக்கிறது. மொத்தம் 129 உறுப்பினர்கள். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்கு: ஒன்று தன் தொகுதியின் உறுப்பினருக்கு, மற்றொன்று தன் வட்டாரத்தில் ஒரு கட்சியின் பட்டியலுக்கு. தொகுதிகளிலிருந்து 73 பேரும், எட்டு வட்டாரங்களிலிருந்து தலா ஏழு பேராக 56 பேரும் வருகிறார்கள். தொகுதிகளில் அதிகம் வென்ற கட்சிக்குப் பட்டியலில் அந்த அளவுக்குக் குறைவாகவே கிடைக்கும்படி கணக்கிடுவதால், எந்த ஒரு கட்சியும் தனிப் பெரும்பான்மை பெறுவது அரிது. 2021 தேர்தலே நல்ல எடுத்துக்காட்டு: ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 73 தொகுதிகளில் 62ஐ வாரிக்கொண்டது, பட்டியலில் கிடைத்ததோ இரண்டே இடங்கள், மொத்தம் 64, பெரும்பான்மைக்கு ஒன்று குறைவு. எட்டு இடங்கள் பெற்ற பசுமைக் கட்சியும் சுதந்திரத்தை ஆதரிப்பதால், அவையில் சுதந்திர ஆதரவாளர்களே பெரும்பான்மையினர் ஆயினர். வழிகாட்டிகள் இந்தக் கணக்கைத் தெளிவாகவும் பொறுமையாகவும் விளக்குகிறார்கள். தொகுதிக்கு ஒருவர் என்ற ஒற்றை வாக்கு முறையிலேயே வளர்ந்த நமக்கு இந்த விளக்கம் ஒன்றுக்காகவே சுற்றுலாவில் சேரலாம்.

தனிப் பெரும்பான்மை அரிது என்றேன். ஒரே ஒரு முறை அந்த அரிய காரியம் நடந்தது. 2011இல் அலெக்ஸ் சால்மண்ட் தலைமையில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 69 இடங்களை வென்றது. அதன் விளைவாகவே 2012 அக்டோபரில் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன் எடின்பரோவுக்கு வந்து ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அதன்படி சுதந்திரம் குறித்து மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தும் அதிகாரம் 2014ஆம் ஆண்டு முடியும் வரை மட்டும் இந்த அவைக்கு இரவலாகக் கொடுக்கப்பட்டது. 2014 செப்டம்பர் 18 அன்று நடந்த வாக்கெடுப்பில் 84.6 சதவீதம் பேர் வாக்களித்தனர். ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டுமா என்ற கேள்விக்கு 55.3 சதவீதம் பேர் வேண்டாம் என்றும், 44.7 சதவீதம் பேர் வேண்டும் என்றும் சொன்னார்கள்.

இனி, எந்த நாளில் போவது என்ற கேள்வி. பயண நூல்களும் உள்ளூர் நண்பர்களும் வியாழக்கிழமை நண்பகலில் நடக்கும் முதலமைச்சரிடம் கேள்வி நேரத்துக்குப் போகச் சொல்வார்கள். அதற்கு முன்கூட்டியே சீட்டு எடுக்க வேண்டும், அதுவும் இலவசமே. குரல்கள் உயரும், மேசைகள் தட்டப்படும், அன்றைய தலைப்புச் செய்தி அங்கேதான் பிறக்கும். ஆனால் கேட்கிறவருக்கும் பதில் தெரியும், சொல்கிறவருக்கும் கேள்வி தெரியும் என்கிற அளவுக்கு ஒத்திகை பார்த்த நாடகம் அது. சுதந்திரம் என்ற சொல் அங்கே ஒரு கட்சியின் பாராட்டாகவும் மறு கட்சியின் வசையாகவும் வந்துபோகுமே தவிர, அதன் உள்ளடக்கம் வெளிப்படாது.

என் பரிந்துரை, செவ்வாய் அல்லது புதன்கிழமையின் சாதாரணப் பிற்பகல். செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு அவை ஒரு சிந்தனை நேரத்துடன் தொடங்குகிறது. பல சமயத்தவரும் சமயம் சாராதவரும் முறைவைத்து வந்து சில நிமிடங்கள் பேசுகிறார்கள். அதன்பின் ஏதேனும் ஒரு மசோதாவோ தீர்மானமோ விவாதத்துக்கு வரும். மேல்மாடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள். பெரும்பாலும் பாதிக்கு மேல் காலியாகவே இருக்கும். கைதட்டக் கூடாது, பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. வழக்கமாக மாலை 5 மணிக்கு முடிவெடுக்கும் நேரம் வருகிறது. அன்று விவாதித்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அப்போதுதான் வாக்களிப்பார்கள். மின்னணு முறையில் சில நொடிகளில் முடிந்து, எண்கள் அறிவிக்கப்படுகின்றன. கட்சிகள் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்பதை அந்தச் சில நிமிடங்களில் கற்றுக்கொள்ள முடிகிறது. அதைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

இந்த அவையின் நிலையைக் காட்டும் அலுவல் ஒன்று உண்டு: சம்மதத் தீர்மானம். ஸ்காட்லாந்து அவையின் அதிகார எல்லைக்குள் வரும் ஒரு விஷயத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் இயற்ற விரும்பினால், முதலில் இந்த அவையின் சம்மதத்தைக் கேட்பது மரபு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவதற்கான மசோதாவுக்கு 2018 மே மாதத்தில் இந்த அவை 93க்கு 30 என்ற கணக்கில் சம்மதம் மறுத்தது. வெளியேறும் ஒப்பந்தத்துக்கான மசோதாவுக்கு 2020 ஜனவரியில் 92க்கு 27 என்ற கணக்கில் மீண்டும் மறுத்தது. கவனியுங்கள்: இவை சுதந்திரம் கேட்கும் கட்சிகளின் வாக்குகள் மட்டும் அல்ல, ஸ்காட்லாந்து பிரிட்டனிலேயே நீடிக்க வேண்டும் என்று விரும்பும் தொழிற்கட்சியும் லிபரல் ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து போட்டவை. இரண்டு மசோதாக்களும் வெஸ்ட்மின்ஸ்டரில் நிறைவேறிச் சட்டமாயின. சம்மதம் கேட்பது அரசியல் மரபு மட்டுமே என்றும், நீதிமன்றம் அதைச் செயல்படுத்த முடியாது என்றும் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியிலேயே தீர்ப்பளித்திருந்தது. இதுபோன்ற ஒரு மாலையில் மேல்மாடத்தில் இருந்து பார்க்கிறவருக்கு, சுதந்திரத்தை ஆதரிக்காத உறுப்பினர்களின் முகத்தில்கூட ஒரு சங்கடம் தெரியும். அவர்கள் நம்பும் அதிகாரப் பகிர்வு முறையையே அது உரசிப் பார்க்கிறது.

இங்கேதான் ஐந்தாம் அட்டவணை வருகிறது. ஸ்காட்லாந்து, இங்கிலாந்து இராச்சியங்களின் இணைப்பும், பிரிட்டனின் நாடாளுமன்றமும் வெஸ்ட்மின்ஸ்டருக்கே உரிய விஷயங்கள் என்று அது சொல்கிறது. அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் 2023 அக்டோபர் 19 அன்று இரண்டாம் வாக்கெடுப்பு நடத்தத் திட்டமிட்டபோது, ஆலோசனை கேட்கும் வாக்கெடுப்புதானே, அதனால் இணைப்பு தானாக முறியப் போவதில்லையே என்ற வாதம் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 2022 நவம்பர் 23 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, லண்டனின் இசைவு இல்லாமல் அப்படியொரு வாக்கெடுப்புக்குச் சட்டம் இயற்ற இந்த அவைக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த இசைவைத் தர அடுத்தடுத்து வந்த பிரதமர்கள் மறுத்திருக்கிறார்கள். எனவே சுதந்திர ஆதரவாளர்கள் இந்த அவையில் பெரும்பான்மை பெறலாம், தீர்மானம் போடலாம், 2020 ஜனவரியில் செய்ததைப் போல 64க்கு 54 என்று வாக்கெடுப்பு கோரலாம். கதவைத் திறக்கும் சாவி மட்டும் நானூறு மைலுக்கு அப்பால் இருக்கிறது.

அதற்குப் பின் வந்த பொதுத் தேர்தலையே வாக்கெடுப்பாகக் கொள்ளலாம் என்ற யோசனையும் ஸ்டர்ஜனிடமிருந்து வந்தது. அவர் 2023 பிப்ரவரியில் பதவி விலகுவதாக அறிவித்தார். அவருக்குப் பின் ஹம்சா யூசஃப், அவருக்குப் பின் 2024 மே மாதத்தில் ஜான் ஸ்வின்னி முதலமைச்சர் ஆனார்கள். 2024 ஜூலையில் நடந்த பிரிட்டிஷ் பொதுத் தேர்தலில் ஸ்காட்லாந்துக்கு உரிய 57 இடங்களில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை ஒன்பது மட்டுமே. அதற்கு முந்தைய தேர்தலில் 48. ஆனால் கட்சி விழுந்த அளவுக்குக் கொள்கை விழவில்லை என்பதுதான் இந்த நாட்டு அரசியலின் விசித்திரம். கருத்துக்கணிப்புகளில் சுதந்திரத்துக்கான ஆதரவு ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்ற இடத்தைச் சுற்றியே நின்றுகொண்டிருக்கிறது.

வழிகாட்டியுடன் செல்லும் சுற்றுலாவில் இதெல்லாம் வராது. நாடாளுமன்ற ஊழியர்கள் கட்சி சாராதவர்கள். அப்படி இருப்பது அவர்களது கடமை. சுதந்திரம் வேண்டுமா, ஐரோப்பிய ஒன்றியம் வேண்டுமா என்று கேட்டால் புன்னகையுடன் அடுத்த அறைக்கு அழைத்துச் செல்வார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இரு தரப்பு வாதத்தையும் சாய்வின்றிச் சொல்ல முடியும் என்று நான் நினைக்கிறேன். முரண்பாட்டின் மேல் நிற்கும் ஒரு கட்டடத்தைப் பற்றி ஓக் மரத்தின் வகையையும் கான்கிரீட்டின் வழவழப்பையும் மட்டும் கேட்டுவிட்டு வெளியேறும் பார்வையாளர், பாதிச் சரக்கைத்தான் வாங்கிக்கொண்டு போகிறார்.

மீதிப் பாதிக்கான தொடக்கம் வாசலில் உள்ள கொடிக்கம்பங்களில் இருக்கிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய 2020 ஜனவரி 31க்கு இரண்டு நாள் முன்பு, ஒன்றியத்தின் கொடியை இறக்குவதா வேண்டாமா என்று இந்த அவை விவாதித்து, தொடர்ந்து பறக்கட்டும் என 63க்கு 54 என்ற கணக்கில் வாக்களித்தது. ஒரு துணிக்காக அவ்வளவு நேரமா என்று அன்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் 2016 வாக்கெடுப்பில் பிரிட்டன் முழுவதுமாக 51.9 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தபோது, ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் நீடிக்க வாக்களித்திருந்தார்கள். 32 உள்ளாட்சிப் பகுதிகளில் ஒன்றுகூட வெளியேறுவதை ஆதரிக்கவில்லை. 2014இல் வேண்டாம் என்று வாக்களிக்கச் சொன்னவர்களின் முக்கியமான வாதங்களில் ஒன்று, பிரிட்டனில் இருந்தால்தான் ஐரோப்பாவில் இருக்கலாம் என்பது. இரண்டே ஆண்டுகளில் அந்த வாதம் தலைகீழானது. சுதந்திர ஆதரவாளர்கள் இரண்டாம் வாக்கெடுப்பைக் கோருவதற்கு இதைவிட வலுவான காரணம் அவர்களிடம் இல்லை.

இதற்கு முன்கதை ஒன்றும் உண்டு. 1975இல் ஐரோப்பியச் சமூகத்தில் நீடிப்பது பற்றிய வாக்கெடுப்பு நடந்தபோது ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி நீடிப்பதற்கு எதிராகப் பிரசாரம் செய்தது. ஸ்காட்லாந்து மக்கள் ஆதரித்து வாக்களித்தார்கள்; பிரிட்டன் முழுவதிலும் எதிர்த்து வாக்களித்த பகுதிகள் இரண்டே, ஷெட்லாந்தும் மேற்குத் தீவுகளும், இரண்டும் ஸ்காட்லாந்தில்தான். அங்கே மீன்பிடிப்பு பெரிய விஷயம். மீன்வளக் கொள்கை பற்றிய கசப்பு இன்றும் வடகிழக்குக் கடலோரத் துறைமுகங்களில் இருக்கிறது. ஐரோப்பாவுக்குள் சுதந்திரம் என்ற முழக்கத்தை அந்தக் கட்சி ஏற்றது 1988இல். தனியாகப் போனால் தனித்துவிடுவோம் என்ற அச்சத்துக்கு அது மருந்தாக வந்தது. மருந்து வேலை செய்தது. ஆனால் அதைப் பரிந்துரைத்த காலத்தில் இங்கிலாந்தும் அதே வீட்டுக்குள் இருந்தது.

இன்று இங்கிலாந்து வெளியே இருக்கிறது என்பதே எல்லாக் கணக்கையும் மாற்றுகிறது. எண்ணெய், எரிவாயு நீங்கலாக, ஸ்காட்லாந்து வெளியே விற்கும் பொருள்களிலும் சேவைகளிலும் ஏறத்தாழ பத்தில் ஆறு பங்கு பிரிட்டனின் பிற பகுதிகளுக்கே போகிறது; ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போவது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. சுதந்திர ஸ்காட்லாந்து ஒன்றியத்தில் சேர்ந்தால், இங்கிலாந்துடனான எல்லை ஒன்றியத்தின் வெளி எல்லையாகிவிடும். அயர்லாந்துடன் இருப்பதைப் போலப் பொதுப் பயண ஏற்பாடு தொடர்ந்தால் ஆட்கள் தடையின்றிப் போய்வரலாம், சரக்கு லாரிகளுக்கு அந்தச் சலுகை இருக்காது. ஐரோப்பிய உறவை இழந்ததால் பிரிட்டன் பட்ட பாட்டைச் சுட்டிக்காட்டிச் சுதந்திரம் கேட்கிறவர்கள், அதைவிட நெருக்கமான உறவை அறுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எதிர்த் தரப்பும் இதே இக்கட்டில்தான் இருக்கிறது: பிரிவினை பொருளாதாரத்துக்குக் கேடு என்று ஸ்காட்லாந்திடம் சொல்லும் பழமைவாதக் கட்சிதான் ஐரோப்பாவிடமிருந்து பிரிவதை நன்மை என்றது. மேல்மாடத்தில் ஒரு பிற்பகல் முழுதும் அமர்ந்தால், இந்த இரண்டு முரண்களும் மாறி மாறி எழுந்து பேசுவதைக் கேட்கலாம்.

நாணயமும் அப்படியே. 2014இல் பவுண்டைப் பகிர்ந்துகொள்வோம் என்றது சால்மண்டின் தரப்பு. முடியாது என்று லண்டனின் மூன்று பெரிய கட்சிகளும் சேர்ந்து சொல்லிவிட்டன. வாக்கெடுப்பில் மிகுதியாக அடிபட்ட இடம் அதுதான் என்று பலரும் கருதுகிறார்கள். இப்போது பேசப்படுவது, சில காலம் பவுண்டையே பயன்படுத்திவிட்டுப் பிறகு ஸ்காட்டிஷ் பவுண்டை அறிமுகப்படுத்துவது. ஒன்றியத்தில் புதிதாகச் சேரும் நாடு கொள்கையளவில் யூரோவை ஏற்க வேண்டும்; சுவீடனைப் போல அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கவும் முடிகிறது. நிதிப் பற்றாக்குறை நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்துக்கு மிகக்கூடாது என்பது ஒன்றியத்தின் விதி; ஸ்காட்லாந்து அரசே ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில் அது பல ஆண்டுகளாக அதைவிட மிக அதிகம். அந்தக் கணக்கு இன்றைய ஏற்பாட்டின் விளைவு, சுதந்திர நாட்டின் கணக்கு அன்று என்பது ஆதரவாளர்கள் தரும் விடை. விடையில் நியாயம் உண்டு. ஆனால் அது வேறு எண் எதையும் தருவதில்லை.

ஒன்றியத்தில் சேரும் வழி ஐம்பதாண்டு, நூறாண்டுக் காத்திருப்பு என்று சொல்ல முடியாது. ஏனெனில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் அதன் சட்டங்களுக்குள் வாழ்ந்த நாடு இது. அச்சட்டங்களோடு முடிந்தவரை இணங்கியே செல்லும் அதிகாரத்தை அமைச்சர்களுக்கு வழங்கும் சட்டம் ஒன்றும் 2021 முதல் இங்கே இருக்கிறது. எனினும் எல்லா உறுப்பு நாடுகளின் ஒப்புதலும் வேண்டும். உடனே எல்லாரும் ஸ்பெயினின் பெயரைச் சொல்வார்கள். கட்டலோனியாவை வைத்துக்கொண்டு அந்த நாடு இன்னொரு பிரிவினையை ஏற்குமா என்பது வழக்கமான கேள்வி. சட்டப்படி, லண்டனின் இசைவோடு பிரிந்து வந்தால் தடுக்கமாட்டோம் என்று அன்றைய ஸ்பெயின் வெளியுறவு அமைச்சர் ஜோசப் பொரெல் 2018இல் கூறியிருந்தார். ஆக, இந்தப் பாதையும் சுற்றிச் சுற்றி லண்டனின் இசைவில்தான் வந்து நிற்கிறது. கட்டலானியர் ஒருவர் வரைந்த கூரைக்குக் கீழே அமர்ந்து இதைக் கேட்பதில் ஒரு சுவை இருக்கிறது. சுற்றுலா வழிகாட்டிகள் அதைத் தொடுவதில்லை.

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளிலிருந்து இங்கே வந்து வாழும் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நாம் வெறும் பார்வையாளர்கள் அல்லர். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் என்ற முறையில், முறையான அனுமதியோடு ஸ்காட்லாந்தில் வசித்தவர்கள் 2014 வாக்கெடுப்பிலும் 2016 வாக்கெடுப்பிலும் வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தார்கள். பக்கத்து வீட்டில் இருபது ஆண்டுகளாக வாழும் போலந்துக்காரர் 2014இல் வாக்களிக்கலாம். அவருடைய வாழ்வையே மாற்றிய 2016 வாக்கெடுப்பில் வாக்களிக்க முடியவில்லை. 2020இல் இந்த அவை இயற்றிய சட்டத்தின்படி, தங்கும் அனுமதி உள்ள எந்த நாட்டவரும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலிலும் உள்ளாட்சித் தேர்தலிலும் வாக்களிக்கலாம். வாக்களிக்கும் வயது 16. பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கும் மாணவர்களில் எத்தனை பேர் இதை அறிந்து பெயரைப் பதிவு செய்கிறார்கள் என்று தெரியவில்லை; என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் கட்டாயம் அழைத்துப் போக வேண்டிய இடம் இது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு மேல்மாடம் பொழுதுபோக்கு அன்று, அடுத்த தேர்தலுக்கான தயாரிப்பு.

நடைமுறைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். அவை கூடும் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாட்களில் விவாதம் கேட்கலாம். கட்டடத்தை நிதானமாகப் பார்க்க மற்ற நாட்கள் ஏற்றவை. கோடையிலும் பண்டிகைக் காலத்திலும் அவைக்கு விடுமுறை உண்டு என்பதால், நாளையும் அலுவல் பட்டியலையும் நாடாளுமன்ற இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. அலுவல் பட்டியலில் ஐரோப்பா, அரசியலமைப்பு, சம்மதத் தீர்மானம் ஆகிய சொற்களில் ஏதேனும் ஒன்று கண்ணில் பட்டால் அந்த நாளையே தேர்ந்தெடுங்கள். சக்கர நாற்காலியில் வருவோருக்கு வசதிகள் உள்ளன. சிற்றுண்டிச்சாலையும் நினைவுப்பொருள் கடையும் இருக்கின்றன. இரண்டையும் பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை. பொதுமக்கள் இருக்கையிலிருந்து கேட்கக்கூடிய குழுக் கூட்டங்கள் காலை வேளைகளில் நடக்கின்றன. வல்லுநர்களை அழைத்து உறுப்பினர்கள் கேள்வி கேட்பதைப் பார்க்க விரும்புவோர் அதற்கும் நேரம் ஒதுக்கலாம், அங்கே கூச்சல் குறைவு, விவரம் அதிகம்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். எளிதாக உள்ளே விடுவதற்கும், செலவில்லாததற்கும், மாலை 5 மணி வாக்கெடுப்புக்கும் அந்த நான்கு. குறைத்த ஒன்று, வழிகாட்டும் சுற்றுலா ஐந்தாம் அட்டவணைக்கு முன்பே நின்றுவிடுவதற்கு.